எல்லா அறையிலும் ஒரே பாட்டு

வாய் ஓயாத என் அம்மாவுக்கு,

முதலில் உன் வீட்டுக்காரரைப் பற்றி, எங்கள் நைனாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீ அதைத்தான் கேட்பாய். நன்றாக இருக்கிறார். மலையில், நம் வீட்டிலேயே இருக்கிறார். இந்தக் கடைசி வாக்கியத்தை எழுத எங்களுக்கு ஏழு மாதம் ஆனது, அம்மா. அந்தக் கதையைத்தான் எழுதப்போகிறேன். நீ இருந்தால் பாதியில் குறுக்கே புகுந்து மீதியை நீயே சொல்லி முடித்திருப்பாய். இப்போது நான் நிதானமாகச் சொல்லலாம்.

மற்ற சேதிகள் என்று பெரிதாக ஒன்றுமில்லை. சாமை இந்த வருஷம் பரவாயில்லை. பின்பக்கத்துப் பலாவில் ஒரு கிளை காற்றில் முறிந்தது, நல்லவேளை கூரைமேல் விழவில்லை. எதிர்வீட்டுக் குப்பு சித்தி இரண்டு வேளையும் நைனாவுக்குச் சோறு கொண்டுவந்து வைக்கிறாள். வைத்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாய் என்று உன்னைத் திட்டுகிறாள். நான் வெள்ளிக்கிழமைதோறும் கண்ணமங்கலத்தில் பஸ் ஏறி, அடிவாரத்தில் ஜீப் மாறி, பொழுது சாய்வதற்குள் நெல்லிவாசல்நாட்டுக்கு வந்துவிடுகிறேன். திங்கள் காலையில் இறங்குகிறேன். ஜீப்பில் டிரைவருக்குப் பின்னால் எனக்கென்று ஓர் இடமே ஆகிவிட்டது.

நைனாவுக்குக் கண் சரியில்லை என்று எங்களுக்குத் தெரியும். எவ்வளவு சரியில்லை என்று தெரியாது. வேலூரில் டாக்டர் சொன்னதை நீ எங்களிடம் பாதிதான் சொன்னாய், இல்லையா? வீட்டுக்குள் அவர் நடப்பதைப் பார்த்தவர்கள் யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். தண்ணீர்க் குடத்தைச் சுற்றிக்கொண்டு போவார். படி வந்தால் காலைத் தூக்கி வைப்பார். நீ போய்ப் பதினாறாம் நாள் காரியமும் முடிந்து, சொந்தக்காரர்கள் எல்லாம் இறங்கிப் போன மறுநாள், சமையல் அறைக்கு வந்தவர் அம்மிக்கல் தடுக்கி விழுந்தார். நாற்பது வருஷமாக இடம் மாறாத அம்மி அது.

தம்பி அண்ணாமலை அன்றைக்கே முடிவு கட்டிவிட்டான். "நைனாவ இங்க தனியா வுட முடியாதுக்கா. நான் கணியம்பாடிக்கு இட்டுனு போறேன்" என்றான். போகவும் செய்தான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். மாடி வீடு, நல்ல காற்று, அவன் பெண்டாட்டியும் தங்கமானவள். ஆனால் நைனா அந்த வீட்டில் இருந்த ஒரு மாதமும் கட்டிலை விட்டு இறங்கவில்லை. பாத்ரூமுக்கு மட்டும் யாராவது கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டும். நான் பார்க்கப் போனபோது என் கையைத் தடவிப் பார்த்து, "என்னிய வூட்ல வுட்டுடு பூங்கா. அங்க எனக்கு வழி தெரியும்" என்றார். நம் நைனா யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாத ஆள்.

அண்ணாமலையோடு சண்டை போட்டேன். என் வாய் உனக்குத் தெரியும், உன்னைப்போல் நீளமாகப் பேச வராது, நறுக்கென்று நாலு வார்த்தைதான். அவன் கடைசியில் ஒரு கெடு வைத்தான். "புரட்டாசி முடியட்டும். அதுக்குள்ள அவரு யாரு கையயும் புடிக்காம வூட்ல நடமாடினாருன்னா சரி. இல்லன்னா இட்டுனு வந்துடுவேன், நீ மறுபேச்சு பேசக்கூடாது" என்றான். சரி என்றேன். ஆனி மாதத்தில் நைனாவை மலைக்குத் திரும்பக் கூட்டிவந்தோம்.

கூட்டிவந்து விட்டோமே தவிர, வீட்டுக்குள் நுழைந்ததும் எனக்கே பயமாக இருந்தது. அவ்வளவு அமைதி. நீ இருந்தவரை அந்த வீட்டில் அமைதி என்ற ஒன்றை நாங்கள் பார்த்ததில்லை. விடிந்ததிலிருந்து படுக்கும்வரை உன் குரல் எங்கேயாவது கேட்டுக்கொண்டே இருக்கும். "நான் அடுப்பாண்டதான் கீறேன்." "யாரு இந்த மொறத்த வழியில போட்டது?" "பக்கெட்டு நடுவாசல்ல நிக்குது, அதுக்கு இன்னா கல்யாணமா?" "கோழி கதவாண்ட ஒக்காந்துனு கீது பாரு, சீ போ." யாரிடம் பேசுகிறாய் என்றே தெரியாது. மொறத்தைப் போட்டதும் நீதான், கேட்பதும் நீதான். நாங்கள் சிரிப்போம். சில சமயம் தலை வலிக்கிறது என்று கத்துவோம்.

அந்தப் பேச்சு இல்லாமல் நைனாவுக்கு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது, துணைக்கு ஏதாவது சத்தம் இருந்தால் மனசு தெம்பாகும் என்று நினைத்தேன். உன் மருமகன் இன்னொன்றைக் கவனித்தார். அவருடைய செல்போன் சமையல் அறையில் கிடந்து அடித்தபோது, நைனா முன் அறையிலிருந்து எழுந்து, எதிலும் இடிக்காமல் நேராகப் போய் அதை எடுத்துவந்தாராம். "சத்தம் இருந்தா மாமா நல்லா நடக்குறாரு. வூடு பூரா பாட்டு கேக்கிற மாதிரி பண்ணிட்லாம்" என்றார். செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவருக்கு வேறு என்ன தோன்றும்?

அடுத்த வாரமே நாலு ஸ்மார்ட் ஸ்பீக்கர் வாங்கிக்கொண்டு மலை ஏறினார். நீ பார்த்திருந்தால் ஊறுகாய் ஜாடி என்றுதான் நினைத்திருப்பாய், அந்த அளவுதான் இருக்கும். நாம் பேசினால் பதில் சொல்லும், பாட்டுப் போடு என்றால் போடும். முன் அறையில் ஒன்று, நடு அறையில் ஒன்று, சமையல் அறையில் ஒன்று, பின்வாசல் தாழ்வாரத்தில் ஒன்று. நாலையும் செல்போனில் ஒரே கூட்டமாகச் சேர்த்துவிட்டால், ஒரே பாட்டு நாலு இடத்திலும் ஒரே நேரத்தில் பாடும் என்றார். நைனா அதில் பேசும் பெண் குரலுக்கு மரியாதை கொடுத்துத்தான் பேசுவார். "யம்மா, பாட்டு நல்லா கீது, கொஞ்சம் சத்தமா வைங்க" என்பார். அதற்குப் புரியாது. நான் போய்ச் சத்தத்தைக் கூட்டுவேன்.

நாலும் ஒன்றாகப் பாடினால்தானே? அவற்றைச் சேர்ந்து பாடவைக்க நாங்கள் பட்ட பாட்டைச் சொல்கிறேன் கேள்.

எதிர்மலை டவரிலிருந்து சிக்னல் வருவது நம் முன் அறை ஜன்னலுக்கு மட்டும்தான். அதனால் சிம் போடுகிற ரவுட்டர் பெட்டியை அந்த ஜன்னலில்தான் வைக்க முடியும். அங்கிருந்துதான் மற்ற அறைகளுக்குச் சிக்னல் போக வேண்டும். முதல் நாள் முன் அறை ஸ்பீக்கர் அழகாகப் பாடியது. நடு அறையில் இருந்தது ஒரு வரி பாடிவிட்டு இரண்டு வரி முழுங்கியது. சமையல் அறையிலும் தாழ்வாரத்திலும் இருந்தவை வாயே திறக்கவில்லை. கல் சுவர் கனம், அதுதான் காரணம் என்று உன் மருமகன் முன் அறையிலிருந்து சமையல் அறைக்கு ஒரு ஒயர் இழுத்தார். மூன்றாம் நாள் எலி கடித்துவிட்டது. மறுபடி இழுத்தார், மறுபடி கடித்தது. பிறகு சிக்னலை வாங்கி முன்னே தள்ளிவிடுகிற ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்து நடு அறையில் மாட்டினார். அதற்கும் ஒன்றும் எட்டவில்லை.

நடுவில் இடி வேறு. ஆடியில் ஒவ்வொரு சாயங்காலமும் இடித்தது. இடி இடித்தால் வீட்டில் உள்ள பிளக்கையெல்லாம் பிடுங்கிவிட வேண்டும் என்பது உன் சட்டம், நைனா அதை மறப்பாரா? சுவரைத் தடவித் தடவி ஒன்று விடாமல் பிடுங்கி வைத்துவிடுவார். மறுபடி சொருகினால் ரவுட்டர் ஒரு பக்கம் முழிக்கும், ஸ்பீக்கர்கள் ஒரு பக்கம் முழிக்கும், கூட்டம் கலைந்து போயிருக்கும். உன் மருமகன் கண்ணமங்கலத்திலிருந்து போனில், "மாமா, ரவுட்டர மட்டும் புடுங்காதீங்க" என்று கெஞ்சுவார். "இடி மாப்ள, உங்களுக்குத் தெரியாது" என்று இவர் போனை வைத்துவிடுவார். கடைசியில் ரவுட்டருக்கு ஒரு சின்ன பேட்டரி வாங்கி மாட்டினோம். சுவரிலிருந்து பிடுங்கினாலும் அது ஓடிக்கொண்டிருக்கும். நைனாவுக்கும் திருப்தி, ரவுட்டருக்கும் திருப்தி.

ஆவணி பிறந்துவிட்டது. சமையல் அறையும் தாழ்வாரமும் அப்போதும் ஊமைதான். கெடு நெருங்க நெருங்க எனக்குத்தான் தூக்கம் போனது. ஒரு பக்கம் மட்டும் பாடுகிற வீட்டை அண்ணாமலையிடம் எப்படிக் காட்டுவது?

காரணத்தைக் கண்டுபிடித்தது குப்பு சித்திதான். உன் புளியோடு அவளுடைய புளி மூட்டை ஒன்றும் நடு அறையில் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை எடுக்க வந்தாள். மேல் வரிசையிலிருந்து அவள் மூட்டையை இழுத்ததும் சமையல் அறையில் பாட்டு கேட்டது. கனம் தாங்காமல் மூட்டையை அப்படியே பின்னால் சாய்த்தாள், பாட்டு நின்றது. மறுபடி இழுத்தாள், மறுபடி பாடியது. "இன்னாடி இது, நான் மூட்டைய தொட்டா பாடுது?" என்று சித்தி மிரண்டுபோய் மூட்டையை அங்கேயே விட்டுவிட்டாள். உன் மருமகன் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

புளிதான், அம்மா. நீ பங்குனியில் கொட்டை எடுத்து, உப்புப் போட்டு இடித்து, மூட்டை கட்டி, தரையிலிருந்து உத்தரம்வரை அடுக்கிவிட்டுப் போன புளி. காற்றுப் படாத அறை அது ஒன்றுதான் என்று வருஷா வருஷம் அங்கேதானே அடுக்குவாய். "ஈரமும் உப்பும் சேந்த பொருள், அவ்ளோ கனத்துக்குக் குறுக்க நின்னா சிக்னல முழுங்கிடும். சுவரு இல்ல, அத்தையோட புளிதான் மறிச்சுனு கீது" என்றார் உன் மருமகன். எலியையும் கல் சுவரையும் திட்டினோமே தவிர, பக்கத்தில் இருக்கும் புளியை யாருமே நினைக்கவில்லை.

சரி, வியாபாரிக்குப் போட்டுவிட்டால் முடிந்தது என்றேன். நைனா, "அது அவ அடுக்குனது. இருக்கட்டும்" என்றார். நீ கடைசியாகச் செய்துவைத்த வேலை அது. வீட்டில் உன் கை பட்டது படாதது என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை, அவருக்கு அந்த மூட்டைகள் தெரிந்தன. மூன்று வாரம் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

புரட்டாசி இரண்டாம் வாரம் அவரே சொன்னார். "மழ சேந்துச்சுன்னா கறுத்துப்பூடும். அவ இருந்தா இந்நேரம் போட்டுருப்பா. வண்டிய வரச் சொல்லு." வண்டி வருவதற்கு முன்னால் நடு அறைக்குப் போய் ஒவ்வொரு மூட்டையாகத் தொட்டார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், உள்ளே போகவில்லை. ஒரு மூட்டையை மட்டும் தட்டி, "இது இருக்கட்டும்" என்றார். அதை மூலையில் வைத்துவிட்டு மற்றதை ஏற்றிவிட்டோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அண்ணாமலையையும் வரச் சொன்னேன். வந்து நடு அறையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான், பரீட்சை வாத்தியார் மாதிரி. உன் மருமகன் செல்போனில் ஒரு தட்டுத் தட்டினார். நாலு ஸ்பீக்கரும் ஒன்றாகப் பாடின. ஒரு வார்த்தை முன்னே இல்லை, ஒரு வார்த்தை பின்னே இல்லை. முன் அறையில் நின்றாலும் தாழ்வாரத்தில் நின்றாலும் அதே பாட்டு, அதே இடம், அதே சத்தம். நாலு மாத உழைப்பு. நான் அண்ணாமலையைப் பார்த்து, இப்ப இன்னாடா சொல்ற என்பதுபோல் ஒரு பார்வை பார்த்தேன். "நைனா, நீங்களா நடந்து சமையல் ரூமுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு, முன்னாலேயே போய் அடுப்புப் பக்கத்தில் நின்றுகொண்டேன். யாரும் வாயைத் திறக்கக்கூடாது, குறிப்புக் கொடுத்ததாக ஆகிவிடும் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். நானும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன்.

நைனா எழுந்தார். நடு அறைக்கு வந்தார். அங்கே நின்றார். தலையை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். பிறகு சமையல் அறைக்குள் வந்து, என் முன்னாலேயே, என்னைத் தாண்டி நடந்து பின்வாசலைக் கடந்து தாழ்வாரத்துக்குப் போனார். நிற்பார் என்று நினைத்தேன். தாழ்வாரத்து விளிம்பில் இருக்கும் கல்படியில் கால் வைக்கத் தெரியாமல் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு விழுந்தார். பாட்டு நாலு பக்கமும் அருமையாகப் பாடிக்கொண்டிருந்தது.

அண்ணாமலைதான் ஓடிப்போய்த் தூக்கினான். முழங்காலில் தோல் உரிந்திருந்தது, வேறு ஒன்றும் இல்லை. "போதும்கா. நாளைக்கே கெளம்பலாம்" என்றான். நைனாவை உள்ளே உட்காரவைத்து மஞ்சள் வைத்தேன். "பாட்டு சரியா கேக்கலீங்களா நைனா?" என்று கேட்டேன்.

"பாட்டு நல்லாத்தான் கீது" என்றார் நைனா. "நாலு பக்கமும் அதே பாட்டு. எது அடுப்படி, எது வாசலுன்னு எப்பிடித் தெரியும் எனக்கு? இத்தினி நாளு நல்லாத்தான் நடந்துனு இருந்தேன். பாட்டு வர்ற பக்கம் முன் ரூம்பு. வராத பக்கம் அடுப்படி. மாப்ள கஷ்டப்படுறாரேன்னு நான் ஒண்ணும் சொல்லல."

உன் மருமகன் தரையில் உட்கார்ந்துவிட்டார். நாலு மாதமாக எதைக் கோளாறு என்று நினைத்து மல்லுக்கட்டினாரோ, அதை வைத்துக்கொண்டுதான் நைனா நடமாடியிருக்கிறார். கோளாறைச் சரிசெய்த அன்றைக்கு விழுந்தார்.

நைனா முழங்காலைத் தடவிக்கொண்டே, "உங்கம்மா ஒரு எடத்துலேர்ந்துதான பேசுவா" என்றார்.

அவர் சும்மாதான் சொன்னார், அம்மா. எனக்குத்தான் உன் பேச்சு வரிசையாகக் காதில் விழுந்தது. நான் அடுப்பாண்டதான் கீறேன். மொறம் வழியில கீது. பக்கெட்டு நடுவாசல்ல நிக்குது. கோழி கதவாண்ட. நீ யாரிடம் பேசிக்கொண்டிருந்தாய் என்று அப்போதுதான் புரிந்தது. எத்தனை வருஷம் கேட்டுக்கொண்டிருந்தேன், ஒரு நாளாவது எனக்கு உறைத்ததா?

"அம்மா வாயாடின்னுல்ல நெனச்சோம்" என்றேன். நைனா சிரித்தார். "அவளா? கட்டினு வந்தப்ப ஊமையான்னு எங்க வூட்ல கேட்டாங்க. கேட்டதுக்குக் கூட தலையத்தான் ஆட்டுவா. நீ பள்ளிக்கூடம் போயினு இருந்தப்ப எனக்குச் சாயங்காலம் ஆனா கண்ணு தெரியாம பூடும். அப்பதான் பேச ஆரம்பிச்சா. போவப்போவ பகல்லயும் தெரியாம பூச்சு, அவளும் பகல்லயும் பேசினா." அண்ணாமலை என்னைப் பார்த்தான். அவனுக்கும் இது தெரியாது.

ஏன் எங்களிடம் சொல்லவில்லை? கண் போனவர் என்று ஊர் அவரைப் பார்க்கக்கூடாது என்றா? நாங்கள் பரிதாபப்படுவதை அவர் தாங்கமாட்டார் என்றா? வாயாடி என்ற பேரை நீ வாங்கிக்கொண்டால் போதும் என்று நினைத்துவிட்டாயா? கேட்க நீ இல்லை. நைனாவைக் கேட்டால், "அது எங்க ரெண்டு பேருக்குள்ளாற" என்கிறார்.

ஒன்றை மட்டும் உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும். என் மகளுக்குக் காது குத்தினோமே, கண்ணமங்கலத்தில். நீ வழக்கம்போல் விடாமல் பேசிக்கொண்டிருந்தாய். இங்க ஒரு படி கீது, இன்னா இவ்ளோ கோலம், சேரு யாரு இங்க போட்டது என்று. என் மாமியார் வீட்டு ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு மானம் போனது. உன் பக்கத்தில் வந்து, "அம்மா, இன்னிக்கு ஒரு நாள் வாய மூடினு இரு" என்றேன். நீ சிரித்தாய். மூடிக்கொண்டாய். அரை மணி நேரத்தில் நைனா நிலைப்படியில் நெற்றியை இடித்துக்கொண்டு ரத்தம் வந்தது. பார்த்து வரக்கூடாதா என்று எல்லோரும் அவரைத்தான் திட்டினோம், நானும் திட்டினேன். நீ முந்தானையால் துடைத்துவிட்டபடி ஒன்றுமே சொல்லவில்லை. அந்த இடத்தில் நீ என்னை ஓர் அறை விட்டிருக்கலாம். என்னை மன்னித்துவிடு, அம்மா. இதை நேரில் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை.

அண்ணாமலை மறுநாள் கிளம்பவில்லை. அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு இரண்டு நாள் இருந்தான். உன் மருமகன் கூட்டத்தைக் கலைத்தார். இப்போது ஒவ்வொரு ஸ்பீக்கரும் தனித்தனி. விடிந்ததும் தானாகவே ஆரம்பிக்கும். முன் அறையில் நாதஸ்வரம், சமையல் அறையில் சினிமாப் பாட்டு, தாழ்வாரத்தில் ஓர் ஆண் குரல் செய்தி வாசிக்கும். செய்தி கேட்டால் கல்படி வரப்போகிறது என்று அர்த்தம். நடு அறை ஸ்பீக்கரைக் கழற்றிக் கண்ணமங்கலத்துக்கே கொண்டுபோய்விட்டோம். அங்கே சத்தம் வேண்டாம், உன் புளி மூட்டையின் வாசனையே போதும் என்றார் நைனா. மூலையில் அந்த ஒரு மூட்டையை எதற்கு வைத்துக்கொண்டார் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

வரும் பங்குனியில் புளியை எதிர்வீட்டுச் சித்தியின் கிடங்கில் அடுக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். "நடு ரூம்புலதான் அடுக்கணும்" என்கிறார். சரி, பக்கவாட்டுச் சுவரோடு சேர்த்து, சிக்னல் போகும் வழியை விட்டு அடுக்கலாம் என்று ஒத்துக்கொண்டிருக்கிறார். உன் மருமகன் தரையில் சாக்பீஸால் கோடே போட்டு வைத்திருக்கிறார்.

புரட்டாசி முடிந்தது. அண்ணாமலை வந்து பார்த்தான். நைனா முன் அறையிலிருந்து தாழ்வாரம்வரை போய், செய்தி வாசிக்கிற குரலுக்குப் பக்கத்தில் நின்று, திரும்பி வந்தார். தம்பி பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது வாசலில் வாளி இருந்தது. அவன் அதைப் பார்த்து, வெட்கப்பட்டுக்கொண்டே, கொஞ்சம் சத்தமாக, "யாரு இந்த பக்கெட்ட இங்க வெச்சது" என்றான். வைத்தது அவன்தான். உள்ளேயிருந்து நைனா, "சரிடா, தெரியுது" என்றார்.

ஸ்பீக்கருக்கு மொறம் வழியில் கிடப்பது தெரியாது, அம்மா. கோழி உட்கார்ந்திருப்பதும் தெரியாது. அதைச் சொல்ல ஆள்தான் வேண்டும். அதனால் வெள்ளியிலிருந்து திங்கள்வரை நான் பேசுகிறேன். முதலில் நாக்கு எழவில்லை. ஆளில்லாத அறையில் வாயைத் திறந்து பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று இப்போதுதான் தெரிகிறது. நீ எப்படிப் பழகினாய்? உன் மருமகன், "இன்னாமே, அத்த வந்துட்டாங்களா?" என்று கேலி செய்கிறார். குப்பு சித்தியும் சோறு வைக்க வரும்போது தன் பங்குக்கு ஏதாவது புலம்பிவிட்டுப் போகிறாள். அவளுக்கு அது கஷ்டமே இல்லை.

இந்தக் கடிதத்தையும் சமையல் அறையில் உட்கார்ந்து, ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு, வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித்தான் எழுதுகிறேன். இப்போது நைனா முன் அறையிலிருந்து எழுந்துவந்து, அம்மிக்கல்லைச் சுற்றி, என் பக்கத்தில் வந்து நின்றிருக்கிறார்.

"யாருக்கு எழுதுற, அவளுக்கா?"

"ஆமாங்க நைனா."

"புளிய வித்துட்டோம்னு எழுதாத."

"எழுதிட்டேனே."

"சரி. ஒரு மூட்ட கீதுன்னு சேத்து எழுது" என்றார்.

ஒரு மூட்டை இருக்கிறது, அம்மா. நைனாவும் இருக்கிறார். இனி இந்த வீட்டில் யாரையும் நான் வாயை மூடச் சொல்ல மாட்டேன். நான் இங்கே இருக்கும் ஒவ்வொரு நாளும், எந்த அறையில் நிற்கிறேன் என்று அவருக்குக் கேட்கிற மாதிரி பேசிக்கொண்டே இருப்பேன்.

அடுப்பாண்டதான் இருக்கிறேன்,
உன் மூத்த மகள்
பூங்காவனம்